கணக்கில் ஆறு, அலமாரியில் ஒன்றுமில்லை

அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013 மார்ச்சில் கனடாவில் கடை திறந்தது. ஜெல்லர்ஸ் என்ற பழைய கனடியக் கடைத்தொடரின் குத்தகை இடங்களை இரண்டு ஆண்டுக்கு முன்பே 182.5 கோடி கனடிய டாலருக்குப் பேசி முடித்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 124 கடைகள் வந்துவிட்டன. எல்லை தாண்டிப் போய் டார்கெட்டில் வாங்கிப் பழகியிருந்த கனடியர்கள் ஆவலோடு உள்ளே நுழைந்தார்கள். காலியாகக் கிடந்த அலமாரிகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். சரக்குக்குப் பஞ்சமில்லை. நிறுவனத்தின் கிடங்குகளில் இடம் போதாமல் பெட்டிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. 2015 ஜனவரி 15 அன்று, கனடாவைவிட்டு வெளியேறுவதாக நிறுவனம் அறிவித்தது. அப்போது அங்கே அதற்கு 133 கடைகள். சுமார் 17,600 ஊழியர்கள்.

இந்த வீழ்ச்சிக்கு அவசரம், விலை, கடை அமைந்த இடம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனக்கு அதில் மறக்க முடியாததாக இருப்பது ஒரு சின்ன விவரம்தான். கடையில் அலமாரி காலியாக இருந்த அதே நாட்களில், தலைமையகத்துக் கணினித் திரையில் சில பொருட்களின் இருப்பு விகிதம் மிக நன்றாக இருந்தது. அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த விகிதம் எப்படி உருவாகிறது, எங்கெல்லாம் வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்த விவரத்தின் முழுக் கூர்மையும் புரியும்.

ஒரே கடை, மூன்று விகிதங்கள்

ஒரு கடைக்கு வாரத்துக்கு ஒருமுறை சோப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் நூறு பேர் ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். பத்து வாரங்களில் எட்டு வாரம் சிக்கல் இல்லை. இரண்டு வாரங்களில் மட்டும் கடைசி அரை நாள் சோப்பு தீர்ந்துவிட்டது; ஒவ்வொரு முறையும் ஐந்து பேருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கடையில் சோப்பு எவ்வளவு சதவீதம் கிடைத்தது?

பத்துச் சுற்றில் எட்டு தடையின்றி முடிந்தது, ஆகவே 80 சதவீதம் எனலாம். கேட்ட ஆயிரம் சோப்பில் 990 கொடுத்தாயிற்று, ஆகவே 99 சதவீதம் எனலாம். எழுபது நாட்களில் மொத்தம் ஒரே ஒரு நாள்தான் அலமாரி காலி, ஆகவே 98.6 சதவீதம் என்றும் சொல்லலாம். மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. சரக்கு மேலாண்மைப் பாடநூல்கள் முதலாவதைச் சுற்றுச் சேவை அளவு என்றும், இரண்டாவதை நிறைவேற்ற விகிதம் என்றும் பிரித்துச் சொல்கின்றன. ஆனால் மேலாளர்கள் கூடிப் பேசும் அறையில் இந்தப் பிரிவினை காணாமல் போய்விடும். சுவரில் தெரிவது ஒரு சதவீதம் மட்டுமே. ஒருவர் 80-ஐ நினைத்துப் பதறுவார். அடுத்தவர் 99-ஐ நினைத்து நிம்மதியாக இருப்பார். இருவரும் ஒரே சோப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெரும்பாலான கடைத்தொடர்கள் நடைமுறையில் இவற்றில் எதையும் அப்படியே பயன்படுத்துவதில்லை. கணினியைத் திறந்து, இந்த நிமிடத்தில் எத்தனை பொருட்களுக்கு இருப்பு பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆயிரம் பொருட்களில் 980-க்கு இருந்தால் 98 சதவீதம். இது எடுக்க எளிது, செலவே இல்லை. ஆனால் எந்த நிமிடம் என்பது பெரிய கேள்வி. இரவு முழுக்க அடுக்கி முடித்த கடையைக் காலை ஏழு மணிக்கு எண்ணினால் வரும் விகிதம் வேறு. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, கூட்டம் வழித்துப் போட்ட பிறகு எண்ணினால் வருவது வேறு. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மாலையில் வருகிறார்கள். அறிக்கை பெரும்பாலும் காலையில் எடுக்கப்படுகிறது.

98 சதவீதம் என்பது காதுக்கு இனிமையான எண். கடைக்குள் வருபவர் ஒரு பொருள் வாங்க வருவதில்லை என்பதுதான் இடிக்கிறது. பட்டியலில் இருபது பொருள் எழுதிக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் கிடைக்கும் வாய்ப்பு 98 சதவீதம். ஒன்றின் தட்டுப்பாடு இன்னொன்றோடு தொடர்பற்றது என்றும் கொள்வோம். இருபதும் கிடைத்து அவர் வீடு திரும்பும் வாய்ப்பு 67 சதவீதம்தான். அதாவது மூன்று பேரில் ஒருவர் ஏதோ ஒன்று இல்லாமல் போகிறார். விகிதம் 95-க்கு இறங்கினால் முழுப் பட்டியலோடு திரும்புபவர்கள் 36 சதவீதம். மேலாளர் பொருளை எண்ணுகிறார், வாடிக்கையாளர் கூடையை எண்ணுகிறார். 'அந்தக் கடையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்காது' என்று நம் வீட்டில் சொல்வது மிகைப்படுத்தல் அல்ல; துல்லியமான நிகழ்தகவுக் கூற்று.

காலியாக இருப்பதே சரியான நேரம்

அப்படியானால் எல்லாப் பொருளும் நூறு சதவீதம் இருக்க வேண்டுமா? வேண்டாம். இதற்கான கணிதம் ஒரு வங்கியிலிருந்து தொடங்கியது. வைப்புதாரர்கள் எப்போது, எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாதபோது வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று 1888-இல் எட்ஜ்வர்த் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். கென்னத் ஆரோ, தியோடர் ஹாரிஸ், ஜேக்கப் மார்ஷாக் மூவரும் 1951-இல் எழுதிய கட்டுரை, சரக்கிருப்புக் கொள்கைக்கு இன்றைய கணித வடிவத்தைக் கொடுத்தது. செய்தித்தாள் விற்பவரின் கணக்கு என்று இப்போது இதற்குப் பெயர். இன்று எத்தனை தாள் எடுப்பது? அதிகம் எடுத்தால் மிச்சம் வீண்; குறைத்து எடுத்தால் லாபம் போச்சு.

பேக்கரிக்கு இதைக் கொண்டுவருவோம். ஒரு பன் செய்ய 15 ரூபாய், விற்பது 20 ரூபாய், மிஞ்சினால் குப்பை. ஒரு பன் குறைந்தால் நட்டம் 5 ரூபாய். ஒன்று மிஞ்சினால் நட்டம் 15 ரூபாய். 5-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 20-ஆல் வகுத்தால் 25 சதவீதம். இந்தக் கடைக்காரர் நான்கு நாளில் ஒரு நாள்தான் எல்லோருக்கும் பன் கிடைக்கும்படி செய்ய வேண்டும். மற்ற மூன்று நாட்களில் கடை சாத்துவதற்குள் பன் தீர்ந்துவிடுவதுதான் அவருக்கு நல்லது. உப்புக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அது கெடாது, இடமும் அதிகம் பிடிக்காது. உப்பு இல்லை என்று சொல்லும் மளிகைக் கடைக்கு மன்னிப்பே கிடையாது.

ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் பன் தட்டு காலியாக இருப்பதையும் உப்பு அடுக்கு காலியாக இருப்பதையும் ஒரே கணக்கில் சேர்த்து 'இரண்டு பொருள் இல்லை' என்று எழுதும் அறிக்கை எதையும் அளக்கவில்லை. ஆனால் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எட்டு சதவீதத்தின் கதை

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் 8.3. தாமஸ் க்ரூன், டேனியல் கார்ஸ்டன், சுந்தர் பாரத்வாஜ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, சில்லறைக் கடைகளில் வேகமாக விற்கும் பொருட்களில் சராசரியாக 8.3 சதவீதம் எந்நேரமும் அலமாரியில் இருப்பதில்லை என்றது. 29 நாடுகளில் 71,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் தகவலை அது திரட்டியிருந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பு, அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளைப் பற்றிக் கோகோ கோலாவின் சில்லறை ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை 8.2 என்றிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடைகள் கணினிக்கும் தானியங்கி ஆர்டர் முறைக்கும் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. எண் நகரவே இல்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் எண்ணவில்லை என்பதால் 8.2-ஐயும் 8.3-ஐயும் தராசில் வைப்பது முறையல்ல. 2002 ஆய்வுக்குள்ளேயே வெவ்வேறு அளவீட்டு முறைகளின் முடிவுகள் சேர்ந்திருக்கின்றன. எனக்கு அந்த 8.3-ஐவிட அதே அறிக்கை சொன்ன காரணக் கணக்குதான் முக்கியம். தட்டுப்பாட்டில் 28 சதவீதம் மட்டுமே கடைக்கு வெளியே, அதாவது உற்பத்தியாளரிடமோ கிடங்கிலோ நேர்ந்தது. 47 சதவீதம் கடை தவறாகக் கணித்ததாலும் தவறாக ஆர்டர் போட்டதாலும் வந்தது. மீதி 25 சதவீதத்தில் பொருள் கடைக்கு வந்தே விட்டது, பின்கட்டில் இருக்கிறது, அலமாரிக்கு மட்டும் வந்து சேரவில்லை. லாரியில் ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த பிஸ்கட் பெட்டி கடைசி முப்பது அடியில் நின்றுவிடுகிறது.

பொருள் இல்லாதபோது வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பதையும் அந்த ஆய்வு கேட்டது. 31 சதவீதம் பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். 26 சதவீதம் பேர் வேறு பிராண்டை எடுக்கிறார்கள். 19 சதவீதம் பேர் அதே பிராண்டில் வேறு அளவோ வகையோ எடுக்கிறார்கள். 15 சதவீதம் பேர் தள்ளிப்போடுகிறார்கள், 9 சதவீதம் பேர் வாங்குவதே இல்லை. இந்த வரிசையைக் கடைக்காரர் கண்ணால் ஒருமுறையும் கம்பெனிக்காரர் கண்ணால் ஒருமுறையும் படிக்க வேண்டும். வேறு கடைக்குப் போன 31 பேரைக் கடைக்காரர் இழந்தார். கம்பெனிக்கு அதில் பெரிய நட்டமில்லை, அங்கே அவர்கள் அதே பற்பசையை வாங்கியிருப்பார்கள். பிராண்டு மாறிய 26 பேரில் கடைக்காரருக்கு நட்டமில்லை, கம்பெனிக்கு உண்டு. ஒரே காலி இடம் இருவருக்கும் இரண்டு விலை. அதனால்தான் பற்பசைக் கம்பெனியின் ஆட்கள் கடை கடையாக ஏறி அலமாரியைப் பார்க்கிறார்கள். கடையின் சொந்த மேலாளர் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை.

உறைந்துபோன ஆறு

இதுவரை ஒன்றை எடுத்துக்கொண்டே வந்தோம்: கணினி 'ஆறு இருக்கிறது' என்றால் ஆறு இருக்கிறது என்று. அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் நிக்கோல் டிஹொரேஷியஸும் ஆனந்த் ராமனும். ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளை உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். 2008-இல் வெளியான முடிவு: 65 சதவீதப் பதிவுகள் தவறு. ஆளில்லாத பெட்டிக்கடை அல்ல, கணினி, பார்கோடு, தணிக்கை எல்லாம் உள்ள நிறுவனம்.

எப்படி இவ்வளவு பிழை சேர்கிறது? பெரும்பாலும் அற்பமான வழிகளில். வாடிக்கையாளர் மூன்று சுவைகளில் மூன்று தயிர்க் கிண்ணம் கொண்டுவருகிறார். விலை ஒன்றுதானே என்று பில் போடுபவர் ஒன்றையே மூன்று தரம் ஸ்கேன் செய்கிறார். காசு சரி, இருப்பு மூன்று இடத்தில் தவறு: ஒரு சுவை கணக்கில் இரண்டு குறைந்தது, மற்ற இரண்டும் ஒவ்வொன்று கூடியது. இப்படிப் பிழை கூடுதலும் குறைதலுமாக விழுவதால் மொத்த மதிப்பில் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆண்டுக் கணக்குத் தணிக்கையில் சரக்கின் மொத்த மதிப்பு கச்சிதமாக இருக்கும். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தனித்தனியாக எந்தப் பொருளின் எண்ணும் சரியாக இல்லை என்பது அவர் கேட்கும் கேள்வியே அல்ல.

உடைந்தது, திருடுபோனது, வேறு ரேக்கில் யாரோ வைத்துவிட்டுப் போனது, வந்து இறங்கும்போது எண்ணாமலே 'சரி' போட்டது, எல்லாம் இதோடு சேர்கின்றன. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கிய பார்கோடு, கல்லா வழியாக வெளியே போவதைத்தான் எண்ணும். வேறு வழிகளில் போனதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தப் பிழைகளில் எல்லாமே ஒரே அளவு கொடியவை அல்ல. உண்மையில் எட்டு இருக்க, கணக்கில் ஐந்து என்றிருந்தால் கொஞ்சம் அதிகமாக ஆர்டர் போகும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் நடப்பதுதான் விபரீதம். கணக்கில் ஆறு, அலமாரியில் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்குக் கீழ் போனால் ஆர்டர் போடு என்று கணினிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அலமாரியில் பொருள் இல்லை, ஆகவே விற்பனை இல்லை. விற்பனை இல்லை, ஆகவே ஆறு குறையாது. ஆறு குறையாது, ஆகவே ஆர்டர் போகாது. அந்த ஆறு அப்படியே உறைந்துவிடுகிறது. யாராவது நேரில் வந்து எண்ணும்வரை, மாதக் கணக்கில்கூட, அது ஆறாகவே இருக்கும். யுன் காங், ஸ்டான்லி கெர்ஷ்வின் இருவரும் 2005-இல் எழுதிய கட்டுரை இந்த உறைநிலையைக் கணித மாதிரியில் காட்டியது: கணினிக்குத் தெரியாமல் கசியும் சரக்கு மிகச் சிறிதாக இருந்தாலும் கடுமையான தட்டுப்பாடு வரும், தொலைந்த சரக்கின் மதிப்பைவிட அதனால் இழந்த விற்பனையின் மதிப்பு பலமடங்கு கூடுதலாக இருக்கலாம்.

இப்போது இருப்பு விகிதத்துக்குத் திரும்புவோம். அந்த உறைந்த ஆறு அறிக்கையில் எப்படிப் பதிவாகும்? 'இருக்கிறது' என்றுதான். நேர்மையாகப் பூஜ்ஜியத்தைக் காட்டும் பொருள் தட்டுப்பாடாக எண்ணப்படுகிறது. அதற்கு ஆர்டரும் போகிறது. பொய்யாக ஆறு காட்டும் பொருள் வெற்றியாக எண்ணப்படுகிறது. தட்டுப்பாட்டை உண்டாக்கும் அதே பதிவிலிருந்து தட்டுப்பாட்டை அளந்தால், மிக மோசமான தட்டுப்பாடுகள்தான் முதலில் மறையும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவை இதன் கிளைகள்.

கேட்டவர் யார் என்று தெரியாத கடை

நம் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் எந்த விகிதமும் இல்லை. ஆனால் அவரிடம் ஒன்று உண்டு. 'அண்ணாச்சி, கருப்பட்டி இருக்கா?' என்று ஒருவர் கேட்டு, அவர் இல்லை என்று சொன்னால், கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. மாலைக்குள் நான்கு பேர் கேட்டால் மறுநாள் கருப்பட்டி வந்துவிடும். நாமே எடுத்துப் போடும் பெரிய கடையில் அந்தக் காது அறுந்துவிட்டது. வாடிக்கையாளர் காலி இடத்தைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், நகர்ந்துவிடுகிறார். அந்த ஏமாற்றம் எந்தக் கணினியிலும் பதிவாவதில்லை.

புள்ளியியலாளர்கள் இதைத் துண்டிக்கப்பட்ட தேவை என்பார்கள். நமக்குத் தெரிவது விற்றது; தெரியவேண்டியது கேட்டது. விற்றது ஒருபோதும் இருப்பைத் தாண்டாது. அடுத்த வாரத் தேவையைக் கணினி எதிலிருந்து கணிக்கிறது? சென்ற வாரம் விற்றதிலிருந்து. தட்டுப்பாடு வந்த வாரத்தில் விற்பனை குறைவு; குறைவாக விற்ற பொருளுக்குக் குறைவாக ஆர்டர்; அடுத்த முறை இன்னும் விரைவில் தீரும். நன்றாக ஓடிய பொருள் படிப்படியாக மெலிந்து, ஒருநாள் 'ஓடாத சரக்கு' என்ற பட்டத்தோடு பட்டியலிலிருந்தே நீக்கப்படும். அதன் பெயர் நீங்கியதும் கடையின் இருப்பு விகிதம் உயரும்!

இதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. தீர்வதற்கு முன் மணிக்கு எத்தனை விற்றது என்று பார்த்து, தீர்ந்தபின் எத்தனை விற்றிருக்கும் என்று ஊகிக்கலாம். இன்னொன்று, மௌனத்தை வாசிப்பது. சராசரியாக மணிக்குப் பத்துப் பால் பாக்கெட் விற்கும் கடையில் இரண்டு மணி நேரம் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் அது தற்செயலாக இருக்கவே முடியாது. போய்ப் பாருங்கள் என்று கணினி எச்சரிக்கலாம். ஆனால் இரண்டு நாளைக்கு ஒன்று விற்கும் பொருள்? இரண்டு நாள் ஒன்றுமே விற்காமல் போக 37 சதவீத வாய்ப்பு இயல்பாகவே உண்டு. மௌனத்தை ஓரளவு உறுதியோடு சந்தேகிக்க ஆறு நாள் காத்திருக்க வேண்டும். அப்போதும் இருபதில் ஒருமுறை வீண் சந்தேகம். பெரிய கடையில் பெரும்பாலான பொருட்கள் இப்படி மெதுவாக விற்பவைதான். புத்தகக் கடைகளில் இன்னும் மோசம்: இரண்டே பிரதி வைத்திருக்கும் நூல் தவறான அடுக்கில் சொருகப்பட்டால், அதன் மௌனத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை.

2005-இல் வால்மார்ட்டில் நடந்த சோதனையொன்று வேறு வழியைக் காட்டியது. ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தின் பில் ஹார்ட்கிரேவ் குழு 12 கடைகளில் சரக்குப் பெட்டிகள்மீது வானொலி அலைச் சில்லு ஒட்டி, அவற்றை அப்படி ஒட்டாத 12 கடைகளோடு 29 வாரம் ஒப்பிட்டது. பெட்டி கடைக்குள் வரும்போது ஒருமுறை, பின்கட்டிலிருந்து விற்பனைத் தளத்துக்குப் போகும்போது ஒருமுறை, காலியானபின் நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும்போது ஒருமுறை என்று சில்லு வாசிக்கப்பட்டது. தட்டுப்பாடு 16 சதவீதம் குறைந்தது. சரக்கின் அளவைக் கூட்டி வந்த வெற்றி அல்ல இது. பின்கட்டில் இருப்பது முன்கட்டுக்கு வரவில்லை என்ற ஒரு செய்தியை உரிய ஆளுக்குச் சொன்னதால் வந்தது.

அதே வால்மார்ட் பின்னாளில் அலமாரிகளைப் படம்பிடித்து ஊர்ந்து செல்லும் ரோபோக்களைச் சுமார் 500 கடைகளில் விட்டது. 2020-இல் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் இணைய ஆர்டர்கள் பெருகி, அவற்றை எடுத்துக் கட்டும் ஊழியர்கள் நாள் முழுக்க அதே அலமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். ரோபோ பார்ப்பதை அவர்களே பார்த்துவிட முடிந்தது. என்னைக் கேட்டால், அந்தப் பொறுக்கி எடுக்கும் ஊழியர்தான் இன்றைக்குச் சில்லறைக் கடை கண்டுபிடித்திருக்கும் ஆகச் சிறந்த அளவுகோல். அவர் கையில் வாடிக்கையாளரின் பட்டியல் இருக்கிறது. வாடிக்கையாளர் வரும் நேரத்தில், வாடிக்கையாளர் நடக்கும் வழியில் போகிறார். இல்லை என்றால் 'இல்லை' என்ற பொத்தானை அழுத்தியாக வேண்டும். அறுந்துபோன அண்ணாச்சியின் காது ஓரளவு திரும்பவும் ஒட்டப்பட்டிருக்கிறது. அவருடைய 'இல்லை'யைத் திருட்டுத் தடுப்புப் பிரிவோ பொருள் வாங்கும் பிரிவோ திருத்த முடியாதபடி வைத்திருந்தால் அதைப் போன்ற தரவு வேறில்லை.

இல்லையென்றால் பழைய வழியே போதும். தினமும் ஒரு ஊழியர், கணினியைப் பார்க்காமல், கடையைச் சுற்றி நடந்து காலி இடங்களை மட்டும் குறித்துவர வேண்டும். பிறகு கணினியோடு ஒப்பிட வேண்டும். அலமாரியும் காலி, கணக்கிலும் பூஜ்ஜியம் என்றால் ஆர்டரில் கோளாறு. அலமாரி காலி, கணக்கில் ஆறு என்றால் பின்கட்டில் தேடு. அங்கும் இல்லையென்றால் ஆறை அடித்துப் பூஜ்ஜியம் போடு. செலவு ஒருவரின் ஒரு மணி நேரம். அதுவும் தவிர்க்கப்படுவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. அப்படிப் பூஜ்ஜியம் போட்ட ஒவ்வொரு பொருளும் மறுநாள் காலை அறிக்கையில் அந்தக் கடையின் விகிதத்தைக் கீழே இழுக்கும். உண்மையைப் பதிவு செய்த மேலாளருக்குத் தொலைபேசி வரும். பதிவு செய்யாதவருக்கு வராது.

அணைக்கப்பட்ட விசை

கனடாவுக்குத் திரும்புவோம். டார்கெட்டின் கனடா முயற்சி எப்படிச் சரிந்தது என்று முன்னாள் ஊழியர்களிடம் பேசி ஜோ காஸ்டால்டோ என்ற பத்திரிகையாளர் 2016-இல் கனடியன் பிசினஸ் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். சரக்குக் கணினி புதியது. சுமார் 75,000 பொருட்களின் விவரங்களை அவசர அவசரமாகக் கையால் ஏற்றினார்கள். அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் சென்டிமீட்டர், நீளத்தின் இடத்தில் அகலம், தவறான பார்கோடு எண். அமெரிக்காவில் இத்தகைய விவரங்கள் 98, 99 சதவீதம் சரியாக இருக்கும்; கனடாவில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் சரி என்று மதிப்பிடப்பட்டது. அளவு தவறிய பெட்டிகள் அலமாரியில் அடங்கவில்லை, விவரம் தவறிய பெட்டிகள் கிடங்கில் தேங்கின.

இவ்வளவும் திறமைக் குறைவு என்று தள்ளிவிடலாம். திரையில் தெரிந்த நல்ல விகிதம் அப்படியல்ல. ஒவ்வொரு பொருள் பிரிவையும் கவனித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். அவர்களின் பொருட்கள் எத்தனை சதவீதம் இருப்பில் உள்ளன என்பதை வைத்தே அவர்கள் எடைபோடப்பட்டார்கள். சதவீதம் விழுந்தால் துணைத் தலைவரிடமிருந்து விளக்கம் கேட்டு அழைப்பு வரும். கடையில் ஒரு பொருள் தீர்ந்ததும் கிடங்குக்குத் தானாகத் தகவல் அனுப்பும் விசை ஒன்று கணினியில் இருந்தது. அந்த விசையை அணைத்துவிட்டால், அந்தப் பொருள் 'இருப்பில் இல்லை' என்று அறிக்கையில் வராது என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். அணைத்தார்கள். பொருள் வருவது நின்றது, விகிதம் உயர்ந்தது.

அந்த இளைஞர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணப்பட வேண்டியவர் கையிலேயே எண்ணும் கருவியைக் கொடுத்தது நிர்வாகம். அலமாரிக்கு முன் நின்று பார்த்த ஒருவரின் சாட்சியமும் அந்த விகிதத்தில் கலக்கவில்லை. கடை ஊழியர்கள் கண்முன்னே காலி அலமாரி இருந்தது. அவர்கள் சொல்லை ஏற்றிக்கொள்ளும் கட்டம் அறிக்கையில் இல்லை.

விசை எப்போது அணைக்கப்பட்டது, அதற்குத் தகுந்த காரணம் உண்டா என்று காட்டும் ஒரு கருவியை நிறுவனம் பிற்பாடு உருவாக்கியது. பல பொருட்களுக்கு அந்த விசையைத் தொடும் உரிமையும் அந்த ஊழியர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 12-க்குள் கடைசிக் கடையும் மூடப்பட்டது.